ஒரு பவுண்டு தானியமும் ஒரு நாள் உழைப்பும்



ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன வாரம் எழுதியிருந்தான். "சார், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன். காலையில ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓடுறேன். முதல் மாசம் நாலு கிலோ இறங்கிச்சு. அப்புறம் முள் நகரவே இல்லை. ஓடிட்டு வந்தா நாள் முழுக்கச் சோர்வு. வீட்ல என்னைச் சோம்பேறிங்கிறாங்க. கணக்கு எங்கே உதைக்குது?"

நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெரும்பகுதி நம் செங்கல்பட்டு ஜில்லாவையும் சென்னையையும் சுற்றியே நடந்தது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. அது தாது ஆண்டு. 1878 வரை அந்தப் பஞ்சம் நீண்டது. இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பதுதான் பெரும்பாலான மதிப்பீடு. அப்போது காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு தாலுகா. செங்கல்பட்டும் அடிபட்டது, பக்கத்து வட ஆற்காடும் அடிபட்டது, சேலம் பக்கம் இன்னும் மோசம். 1877 ஜனவரி முதல் தேதி வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் பெரிய தர்பார் நடத்தி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைத் தெற்கே அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த உத்தரவின் சாரம்.

இந்த டெம்பிள் இரண்டு மூன்று வருடம் முன்னால்தான் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். பட்டினிச் சாவு அங்கே மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற திட்டு. அந்த மனிதர் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது வேறு ஆளாக இருந்தார். திட்டு வாங்கிய அதிகாரி அடுத்த முறை எப்படி நடந்துகொள்வார் என்பது அரசுப் பணியில் இருந்த நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

பஞ்ச நிவாரண வேலை என்றால் மண் வெட்டுவது, கல் உடைப்பது, ரோடு போடுவது, கால்வாய் தோண்டுவது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படித்தான் 1877-78-ல் வெட்டப்பட்டது. கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது, வெட்டியவர்கள் பெயர் ஒன்றும் இல்லை. கடினமான வேலை என்பதையே ஒரு சோதனையாக வைத்தார்கள். உண்மையிலேயே பட்டினி கிடப்பவன்தான் இதற்கு வருவான், மற்றவன் வரமாட்டான் என்பது கணக்கு. அந்த நாள் முழுக்க உழைப்புக்கு டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஒரு ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர்.

இதை எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இவரும் வெள்ளைக்காரர்தான், அரசு ஊழியர்தான். ஆனால் 1863-லேயே இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜெயில்களில் என்ன போடுகிறார்கள் என்று திரட்டி அறிக்கை வெளியிட்டவர். அதனால் அவரிடம் அனுபவம் இருந்தது. கடின உழைப்பு வாங்குவதானால் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் எழுதினார். டெம்பிளுக்கு லிட்டனின் ஆதரவு இருந்தது. கார்னிஷ் விடவில்லை. 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்று உயர்த்தியது. 1880-ல் பஞ்ச விசாரணைக் கமிஷன், உழைக்கும் ஆணுக்குப் பருப்பையும் சேர்த்து நாளுக்கு ஒன்றரைப் பவுண்டு என்று எழுதியது. கார்னிஷ் சொன்னதற்குக் கிட்டத்தட்ட அதுதான் வந்து நின்றது. அதற்குள் செத்தவர்கள் செத்துப் போயிருந்தார்கள்.

இப்போது நம் மாணவனுக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். நூறு கிராம் பச்சரிசிக்கு 345 கலோரி என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை. பெருக்கினால் சுமார் 1,570 கலோரி. கார்னிஷ் கேட்ட ஒன்றரைப் பவுண்டு என்றால் சுமார் 2,350. இந்த 1,570 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள்.

1944 நவம்பரில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஐரோப்பாவில் பட்டினியில் கிடப்பவர்களை எப்படி மீட்பது என்று அறிய வேண்டியிருந்தது. போருக்குப் போக மனச்சாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. அவர்கள் உண்டது சராசரியாக நாளுக்கு 1,570 கலோரி அளவு. கூடவே வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும்.

எண்ணைப் பார்த்தீர்களா? டெம்பிள் மண் வெட்டுகிறவனுக்குக் கொடுத்த தானியமும், கீஸ் திட்டமிட்டே பட்டினி போட்ட அளவும் ஏறத்தாழ ஒன்று. அந்த அமெரிக்கப் பையன்கள் நம்மவர்களைவிடப் பெரிய உடம்புக்காரர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் கூரை இருந்தது, டாக்டர் இருந்தார், ஆறு மாதம் கழித்து முடிந்துவிடும் என்ற தேதி இருந்தது. தவிர, அவர்கள் நல்ல உடல்நிலையோடு உள்ளே போனவர்கள். முகாமுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே பட்டினி கிடந்து வந்தவர்கள்.

மின்னசோட்டாவில் நடந்தது என்ன? எடையில் கால் பங்கு போயிற்று. அதற்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது, அவர்கள் உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்ட விதம். சும்மா படுத்திருக்கும்போதே ஆகும் செலவு குறைந்தது. ஆனால் மொத்த மிச்சத்தில் பாதிக்கு மேல் வந்தது அசைவைக் குறைத்ததால்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படி ஏறுவதைத் தவிர்த்தார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்கவில்லை, பேச்சுக்கூடக் குறைந்தது. கட்டாய நடையை நடந்தார்கள். மற்ற நேரமெல்லாம் சுருண்டு கிடந்தார்கள். இவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை, ஏனென்றால் ஏன் கிடக்கிறார்கள் என்பது தெரியும். நிவாரண முகாமில் அப்படிக் கிடந்தவனைப் பார்த்தால், அதிகமாகக் கொடுத்தால் சோம்பி நம்மையே சார்ந்துவிடுவான் என்பது அன்றைய அரசின் பயம்.

நம்மூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன விஷயம். பின்னால் வந்த பஞ்ச விதிகளில் நெசவாளர்களுக்கு அவரவர் தொழிலிலேயே நிவாரண வேலை கொடுக்கலாம் என்ற ஏற்பாடு சேர்ந்தது. தறிக்குழியில் உட்கார்ந்து நாடா தள்ளிப் பழகிய கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் வேலையும் நடக்காது, கையும் காய்த்துப் போய் அப்புறம் பட்டு நூலைத் தொட்டால் நூல் சிக்கும். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, சும்மா கிடக்கும்போது உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை நம் பக்கத்தில் அளந்தவர்கள் யார் தெரியுமா? சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிற பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில். நம் உறவில் படித்தவர்கள் அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன். எலினார் மேசன் என்ற பேராசிரியை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆய்வகத்தில் இருந்த பெனடிக்ட் என்பவரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் மூச்சை அளந்து ஓய்வு நிலைச் செலவைக் கணக்கிட்டார். 1931-ல் வெளியான முடிவு, அமெரிக்க அளவுகோலைவிட இவர்களுக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. 1934-ல் தூக்கத்தையும் அளந்தார்கள். விழித்துப் படுத்திருப்பதைவிடத் தூக்கத்தில் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறைவு. இந்த பெனடிக்ட், அதற்கு முன்பே, முதல் உலகப் போர்க் காலத்தில், கல்லூரி மாணவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தவர். எடை குறைந்த விகிதத்தைவிட ஓய்வுச் செலவு அதிக விகிதத்தில் குறைகிறது என்று அப்போதே எழுதிவிட்டார். ஆக, 'சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பும் தன் பங்குக்குச் செலவைக் குறைக்கும்' என்பது நேற்று யூடியூபில் கண்டுபிடித்தது இல்லை.

அந்தக் காலத்தில்தான் நீலகிரியில் குன்னூரிலும் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் வளர்ந்தது. மெக்காரிசன் தொடங்கியது, பிறகு அய்க்ராய்டு நடத்தியது. 1958-ல் அது ஹைதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. நம் நாட்டு உணவு அட்டவணையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

உழைப்பின் தீவிரம் என்று வரும்போது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வங்காளத்தில் நடந்தது. 1956-ல் ஜான் மேயர், பூர்ணிமா ராய், மித்ரா மூவரும் எழுதியது. கல்கத்தா பக்கம் செங்கைல் என்ற இடத்தில் ஒரு சணல் ஆலை. அதைச் சார்ந்த 213 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற கடைக்காரரிலிருந்து, குமாஸ்தா, மேஸ்திரி, மூட்டை தூக்குகிறவர், கரி அள்ளுகிறவர் வரை. யார் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை என்று எழுதினார்கள்.

நாம் எதிர்பார்ப்பது என்ன? வேலை கூடக்கூடச் சாப்பாடு கூட வேண்டும். இலேசான வேலையிலிருந்து கனமான வேலை வரை அப்படித்தான் இருந்தது. எடை மட்டும் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் ஒரேயடியாக உட்கார்ந்திருப்பவரிடம் போனால் வரைபடம் திரும்பி மேலே ஏறியது. கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர் அளவுக்குச் சாப்பிட்டார். எடையும் எல்லாரையும் விட அதிகம். அதாவது ஒரு அளவுக்குக் கீழே அசைவு போனால் பசி சரியாக வேலை செய்வதில்லை என்று மேயர் வாதிட்டார். இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கடைக்காரருக்குக் கையில் காசு இருந்தது, கூலிக்காரருக்கு இல்லை. ஒரே ஆளைக் கடையிலிருந்து கரிக்கிடங்குக்கு மாற்றிப் பார்த்த சோதனையும் இல்லை. ஆனாலும் அசைவே இல்லாததற்கும் இலேசான அசைவுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பெரியது என்ற எண்ணம் அதிலிருந்து எனக்கு விலகவில்லை.

நம் நாட்டில் இந்தக் கலோரிக் கணக்கு அரசியலும் ஆனது. வறுமைக்கோட்டைக் கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று 1979-ல் வரையறுத்தார்கள். புள்ளியியல் அறிஞர் சுகாத்மே, உடம்பு தானே சரிசெய்துகொள்ளும், குறைவாக உண்பவன் எல்லாம் பட்டினி இல்லை என்றார். உடம்பு சிறுத்தால் என்ன, ஆரோக்கியம் இருந்தால் போதும் என்று வெளிநாட்டில் ஒருவர் எழுதினார். சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். உடம்பு ஈடுகட்டுகிறது என்றால் எதைக் கொடுத்து ஈடுகட்டுகிறது என்பதே கேள்வி. உயரத்தை, தசையை, மாலையில் பிள்ளை ஓடி விளையாடுவதை. என் கட்சி கோபாலன் கட்சி. 1980-களில் வட ஆற்காடு கிராமம் ஒன்றில் தங்கி ஜெரால்டின் மெக்நீல் என்ற பெண்மணி அளந்தார். 1987-ல் அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, ஏழை ஆண்களின் உடம்பில் மாயச் சிக்கனம் எதுவும் இல்லை என்றது. செலவு குறைவாக இருப்பதற்குக் காரணம், உடம்பே சிறிதாக இருப்பது.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். குறியிட்ட தண்ணீரைக் குடிக்கவைத்து, சிறுநீரை அளந்து, ஒரு மனிதனின் மொத்தச் செலவை இரண்டு வாரத்துக்குக் கணக்கிடும் முறை 1980-களில் மனிதர்களுக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஓடும் அரை மணியைத்தான் அளக்க முடிந்தது. மிச்சம் இருபத்து மூன்றரை மணி நேரம் இருட்டு. 1992-ல் கோரன், போல்மன் இருவரும் 56 முதல் 78 வயது வரையுள்ள 11 பேருக்கு எட்டு வாரம் கடுமையான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். மொத்தச் செலவு கூடவில்லை! பயிற்சியில் செலவழித்ததை மற்ற நேரத்தில் அசையாமல் இருந்து மிச்சம் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கே தெரியாமல்.

நம் மாணவன் கேட்டதற்கு இன்னும் நெருக்கமானது ஒன்று உண்டு. அமெரிக்காவில் நிக்லஸ் என்பவரின் குழு, மாதவிடாய் நின்ற, எடை கூடிய பெண்கள் 112 பேரை 20 வாரம் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தது. ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டுக் குறைப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு மிதமான நடை, ஒரு பிரிவுக்குத் தீவிர நடை. மொத்தக் கலோரிப் பற்றாக்குறை மூன்றிலும் ஒரே அளவு வருமாறு பார்த்துக்கொண்டார்கள். 2009-ல் வந்த முடிவில் எடை இறங்கியது மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் இதயமும் நுரையீரலும் பலப்பட்டது தீவிரப் பிரிவில் அதிகம். 2011-ல் அதே இடத்திலிருந்து ஒரு சிறிய ஆய்வு. மிதமாக நடந்தவர்களுக்கு, நடந்த நாளில் அசைவுச் செலவு நடக்காத நாளைவிடக் கூடியது. தீவிரமாக நடந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் பேரை வைத்துச் செய்தது, இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. 2021-ல் 1,754 பேரின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அசைவில் கூடுதலாகச் செலவாகும் நூறு கலோரியில் சராசரியாக 28 வேறிடத்தில் மிச்சமாகிவிடுகிறது என்று வந்தது. மீதி 72 நிஜமாகவே செலவுதான். எனவே 'ஓடி என்ன பயன்' என்று யாராவது இந்தப் பதிவை வைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதற்கு. உட்கார்ந்த வேலை என்ற தலைப்பின் கீழ் ஆசிரியர், தையல்காரர், முடிதிருத்துபவர், அர்ச்சகர், ஓய்வுபெற்றவர் என்று வரும். நடுத்தர உழைப்பில் நெசவாளர். கல் உடைப்பவரும் கொல்லரும் கடின உழைப்பு. பெரிய காஞ்சிபுரத்துத் தெரு ஒன்றை அப்படியே எழுதி வைத்த மாதிரி இல்லை? நான் இரண்டு தடவை இடம்பெறுகிறேன், ஆசிரியராகவும் ஓய்வுபெற்றவராகவும். 1989 பட்டியலில் 60 கிலோ எடையுள்ள உட்கார்ந்த வேலைக்காரருக்கு 2,425 கலோரி. 2020 பட்டியலில் எடையை 65 கிலோவாக உயர்த்தியும் அவருக்கு 2,110தான். உலக அளவிலான சூத்திரங்கள் இந்தியர்களின் ஓய்வுச் செலவைக் கூட்டிக் காட்டுகின்றன என்பதைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அளந்து காட்டியதற்கும் இதில் பங்கு உண்டு. நெசவாளருக்கு 2020-ல் 2,710. அப்பா தறியில் உட்கார்ந்தார், மகன் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறான், இரண்டும் உட்கார்வதுதான் என்று நினைக்கிறோம். தறியில் காலும் கையும் நாள் முழுக்க நிற்பதில்லை. ஒரு நாளைக்கு 600 கலோரி வித்தியாசம். சாப்பாட்டுத் தட்டு மட்டும் அப்பாவுடைய அளவிலேயே இருக்கிறது.

ஆகவே தம்பி, நீ சோம்பேறி இல்லை. பாதிச் சாப்பாட்டில் ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓடுகிறாய், உடம்பு மீதி நேரத்தில் உன்னை உட்காரவைத்து அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. அதோடு எடை இறங்கிய உடம்புக்குச் செலவும் குறைவு, முதல் மாதத்துக் கணக்கு நாலாவது மாதத்துக்குப் பொருந்தாது. ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தாமல் சோற்றைக் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டு. கார்னிஷும் அதைத்தான் கேட்டார். தினமும் உயிரை விட்டு ஓடாமல், வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஓடு, மற்ற நாளில் பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். ஓடிய நாளில் மத்தியானம் முழுக்க நாற்காலியில் விழுந்து கிடக்கிறாயா என்று மட்டும் பார். ஆபீசில் லிஃப்டைத் தேடினால் அன்று காலை ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். இதை நம் உறவினர்களில் நான்கு பேருக்காகச் சொல்கிறேன், யார் என்று அவர்களுக்கே தெரியும்.

இன்னொன்று. தாது வருஷம் பற்றிப் பாட்டி, பூட்டி வழியாக யார் வீட்டிலாவது ஏதாவது கதை இறங்கி வந்திருக்கிறதா? எங்கே வேலைக்குப் போனார்கள், கஞ்சித்தொட்டி எங்கே இருந்தது, தறியை விற்றார்களா, எந்தக் கிழங்கைத் தின்றார்கள், யார் திரும்பி வரவில்லை. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எழுதி அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.